அலமாரிக் கண்ணாடியில் ஒரு விருந்தாளி

எங்கள் வீட்டில் சாயங்காலம் போடும் சாயாவில் ஒரு டம்ளர் எப்போதும் மிஞ்சும். அது அலமாரிக் கண்ணாடிக்குள் இருப்பவருக்கு உரியது. கண்ணாடியில் தெரிவது தன் முகம்தான் என்பது அப்பாவுக்கு இப்போது பிடிபடுவதில்லை. எதிரே உட்கார்ந்திருக்கும் நரைத்த தலைக்காரரை யாரோ வீடு தேடி வந்தவர் என்று நினைத்துக்கொள்கிறார். “வந்தவுகளுக்கு ஒரு டீ கொண்டா தாயி” என்பார். நானும் மறுபேச்சில்லாமல் கொண்டுபோய் வைப்பேன். கொச்சி மட்டாஞ்சேரிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் இங்குள்ள கிடங்குகளின் மிளகு வாடை எனக்கு விசித்திரமாக இருந்தது. இப்போது அதெல்லாம் மூக்குக்கே தெரிவதில்லை. யாரும் குடிக்காத இந்தச் சாயாதான் தினமும் புதிதாகச் சிரிப்பு மூட்டுகிறது.

அப்பா சாத்தூர்க்காரர். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தார். ஆனால் ஊருக்கு அவரைத் தெரிந்தது கல்யாண வீடுகளில்தான். யார் வீட்டு விசேஷமென்றாலும் பந்தி விசாரிக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். தோளில் துண்டோடு இலை இலையாக வந்து, “இங்க ரசம் வரலையே, என்ன வேடிக்கை பாக்கீக?” என்று பரிமாறுகிறவர்களை விரட்டுவார். கூச்சப்பட்டுக் கையை மறிக்கிறவர் இலையில் இன்னொரு கரண்டி பாயசத்தை விடாமல் நகர மாட்டார். அப்படிப்பட்டவருக்கு டிமென்ஷியா முற்றியபோது அம்மாவும் இல்லை. நானே இங்கே கூட்டிவந்து வைத்துக்கொண்டேன். தையல் வேலை வீட்டிலேயே என்பதால் பார்த்துக்கொள்ளலாம் என்று தைரியமாக இருந்தேன்.

தைரியம் பொழுது சாயும்வரைதான் நின்றது. வெளிச்சம் மங்கினாலே அப்பா பையைத் தூக்கிக்கொள்வார். “பொண்ணு குடுத்த வீட்ல எத்தனை நாளுதான் கை நனைக்கிறது? மருமகன் என்ன நெனப்பாரு?” என் வீட்டுக்காரர் செல்வம், கொச்சியிலேயே பிறந்து வளர்ந்த தமிழர், தங்கமானவர். “மாமா, இது உங்க வீடுதான்” என்று கையைப் பிடிப்பார். அதைக் கேட்டால் அப்பாவுக்கு இன்னும் கோபம் வரும். ஒருநாள் என் கண்ணைத் தப்பிப் படகுத்துறைக்கே போய்ப் படகில் காலை வைத்துவிட்டார். பக்கத்து வீட்டு லிசி சேச்சிதான் பார்த்துக் கூட்டிவந்தார். “வாதில் பூட்டிக்கோ மோளே” என்று கதவைக் காட்டினார். அப்பாவின் சங்கடத்தைச் சொன்னேன். “மோளுடெ வீட்டில் நிக்கான் எந்தினா நாணம்?” என்று ஆச்சரியப்பட்டார். மகள் வீட்டில் இருக்க வெட்கம் எதற்கு என்பது அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை. அவருடைய அம்மா அவர் வீட்டில்தான் இருக்கிறார், வீட்டையே ஆட்டிவைக்கிறார்.

செல்வம் பூட்டு வாங்கி வந்தார். இன்னொருமுறை போனால் தண்ணீரில் விழுந்துவிடுவாரே என்ற பயம் எனக்கும் இருந்தது. ஆனாலும் ஊரையே வாசலில் நின்று வரவேற்ற மனிதரை உள்ளே வைத்துப் பூட்ட எனக்குக் கை வரவில்லை. கண்ணாடி ஆளைப் பார்த்து மிரண்டு ஓடுகிறாரோ என்று அலமாரிமேல் சேலையைப் போட்டு மூடிவிட்டு, எறணாகுளத்தில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். முதலில் எங்காவது வலியா, சிறுநீரில் கிருமியா, தூக்கம் உண்டா என்று அந்த அம்மாள் சோதித்தார். எதுவும் இல்லை. கண்ணாடி விஷயத்தை நான் படபடவென்று சொன்னதும், “பேடி அச்சனோ, மோள்க்கோ?” என்றார். பயம் அப்பாவுக்கா, எனக்கா? யோசித்தால், பயந்தது நான்தான். அவர் பயப்படாதவரை அந்த ஆள் இருந்துவிட்டுப் போகட்டும், மருந்தைக் கடைசியில் பார்க்கலாம் என்றார். போகணும் என்றால் மல்லுக்கு நிற்காதே, எதற்காகச் சொல்கிறார் என்று பார் என்றும் சொன்னார்.

படகில் திரும்பும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். அப்பாவுக்கு விருந்தாளியாக உட்கார்ந்திருக்கத்தான் கூசுகிறது. விருந்தாளியைக் கவனிக்கச் சொன்னால்?

அன்றைக்கே சேலையை எடுத்துவிட்டுக் கண்ணாடி எதிரே நாற்காலியைப் போட்டேன். பொழுது சாய்ந்தது, பை கைக்கு வந்தது. “அப்பா, வந்தவுக தனியா உக்காந்திருக்காகளே. நீங்க கவனிக்காம கெளம்பினா நல்லாவா இருக்கும்?” என்றேன். கண்ணாடியைப் பார்த்தார். பையைக் கீழே வைத்தார். “அதுவும் சரிதான்” என்று உட்கார்ந்து, “சாப்பிட்டீகளா?” என்று ஆரம்பித்தார். நான் அடுப்படிக்குள் போய் அழுதேன். எல்லா நாளும் இது பலிக்காது. சில நாள், வந்தவர் சாயாவைத் தொடவில்லையே என்று கோபம் வரும். அப்போது தெருமுனைவரை நடத்திக் கூட்டிவருவேன். ஆனால் பூட்டு இப்போது செல்வத்தின் சைக்கிளில் தொங்குகிறது. இதைப் பெருமையாகவே எழுதுகிறேன். என் அப்பாவைப் பற்றியும் பெருமை, என்னைப் பற்றியும் பெருமை.

போன வாரம் டம்ளரோடு நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றேன். அப்பா கண்ணாடிக்குள் என்னைப் பார்த்துவிட்டார். “அடடே, மகளையும் கூட்டிட்டு வந்திருக்கீகளா?” என்று அந்தப் பெரியவரிடம் சந்தோஷமாகக் கேட்டார். பிறகு நேராக என் பிம்பத்தைப் பார்த்து, “வெளியூரா தாயி? கூச்சப்படாம இரும்மா. இது நம்ம வீடுதான்” என்றார்.

நாங்கள் சொல்லிச் சொல்லி அவர் ஏற்காத வார்த்தை. நான் தலையாட்டினேன். கண்ணாடிக்குள் இருந்த வெளியூர்க்காரியும் தலையாட்டினாள்.