உலகம்மாளின் கைராசி

ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில் உள்ள அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸுகளுக்கெல்லாம் தலைமை உலகம்மாள். தென்காசிப் பக்கத்தில் பிறந்து, முறையாக நர்சிங் படித்து, மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு வாங்கி, கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்தவள். ஐம்பதைத் தாண்டிவிட்டாள். கம்பெனியில் விரல் நசுங்கி வருகிற பையன் வலிக்கிறது என்று அலறினால், வலிக்காமல் இனிக்குமா என்பாள். வாய்தான் அப்படி. கட்டுப் போடும்போது அவள் கை பட்டதே தெரியாது.

இந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் ஒரே தலைவலி, நர்ஸ் நிற்பதில்லை. பதிவு உள்ள பெண் வந்து சேருவாள். அனுபவச் சான்று கைக்கு வரும்வரை குனிந்த தலை நிமிராமல் வேலை பார்ப்பாள். அப்புறம் அரசாங்கத் தேர்வு, துபாய், இல்லாவிட்டால் ஜெர்மன் கிளாஸ். அவளைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? இங்கே கொடுக்கிற சம்பளத்துக்கு நானாக இருந்தாலும் ஓடத்தான் செய்வேன். ஆனால் உலகம்மாளிடம் மட்டும் பிள்ளைகள் வருஷக்கணக்காக நின்றார்கள். முதலாளி டாக்டர் புருஷோத்தமன் ஆண்டு விழாவில் அவளுக்குப் பொன்னாடை போர்த்தி, எல்லாம் சிஸ்டரின் கைராசி என்றார். கைதட்டல் ஓயும்வரை அந்தச் சால்வை உலகம்மாளின் கழுத்தை அரித்துக்கொண்டே இருந்தது.

கைராசியாவது ஒன்றாவது. தெற்கே டிரஸ்ட் என்று போர்டு மாட்டிக்கொண்டு நர்சிங் சொல்லித் தருகிற இடங்கள் உண்டு. அவர்கள் தரும் சான்றிதழில் தங்க எழுத்தெல்லாம் மின்னும், கவுன்சிலில் மட்டும் செல்லாது. பதிவு இல்லாதவள் சட்டத்தின் கண்ணில் நர்ஸ் இல்லை, ஊசியைத் தொடக்கூடாது. இது அங்கே படித்த பிள்ளைகளுக்குத் தெரியாது. உலகம்மாளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் அவர்களைத் தேடிப் பிடித்து எடுத்தாள். பதிவு இல்லாதவளுக்கு துபாய் ஏது, ஜெர்மனி ஏது? போக இடம் இல்லாததால் நின்றார்கள்.

அப்படி வந்தவள்தான் சந்தனமாரி. உலகம்மாளின் ஊருக்கு அடுத்த ஊர், பீடி சுற்றும் அம்மாவின் மூத்த மகள். ஆறு வருஷத்துக்கு முன்னால் சான்றிதழை நீட்டியபோதே உலகம்மாள் புரிந்துகொண்டாள். பதிவு வேலையெல்லாம் ஆஸ்பத்திரி பார்த்துக்கொள்ளும், நீ கவலைப்படாதே என்றாள். பிள்ளை நம்பிவிட்டது. அன்று முதல் அவளுக்கு உலகம்மாள் சித்தி.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சந்தர்ப்பம் வந்தது. ஹாஸ்டலில் யாரோ எதையோ சொல்ல, சந்தனமாரிக்குத் தன் சான்றிதழ்மேல் சந்தேகம் தட்டியது. அம்மா கொஞ்சம் பணம் வைத்திருக்கிறாள், அரசு அங்கீகாரம் உள்ள காலேஜில் முதலிலிருந்து படிக்கட்டுமா என்று வந்து கேட்டாள். அந்த மாதம் பார்த்து இரண்டு நர்ஸுகள் வேலையை விட்டிருந்தார்கள், வார்டு முழுக்க டெங்குக் காய்ச்சல். உன் பதிவு நம்பர் என்னிடம் பத்திரமாக இருக்கிறது, உனக்குத் தெரியாததையா அங்கே சொல்லித் தரப் போகிறார்கள் என்று உலகம்மாள் சிரித்து அனுப்பிவிட்டாள். அந்தப் பணம் தங்கச்சியின் கல்யாணத்தில் கரைந்துபோயிற்று.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் உலகம்மாள் வீட்டிலிருந்து மீன்குழம்பு வைத்து எடுத்துவந்து சந்தனமாரிக்குக் கொடுக்கத் தொடங்கினாள். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்களே, அதுதான். சந்தனமாரி ருசித்துச் சாப்பிடும்போது உலகம்மாளால் அவள் முகத்தைப் பார்க்க முடியாது. இன்று சொல்லிவிடலாம் என்று நினைப்பாள். ராத்திரி ஷிப்டுக்கு யார் இருக்கிறார்கள் என்று யோசிப்பாள். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று பாத்திரத்தைக் கழுவப் போவாள்.

ஆஸ்பத்திரியின் உரிமத்தைப் புதுப்பிக்க அதிகாரிகள் ஆய்வுக்கு வருகிற நாளில் ஒரு வழக்கம் இருந்தது. பதிவு இல்லாத பிள்ளைகளை வேனில் ஏற்றி வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்கு அனுப்பிவிடுவார்கள். தரிசனம், வெளியே சாப்பாடு, சாயங்காலம் திரும்பினால் போதும். ஆஸ்பத்திரி தங்களைச் சுற்றுலா அனுப்புகிறது என்று பிள்ளைகள் பூ வைத்துக்கொண்டு குதூகலமாகக் கிளம்புவார்கள். பதிவு உள்ளவர்கள் மட்டும், எங்களுக்கு ஏன் இல்லை என்று முணுமுணுப்பார்கள்.

போன மாதம் ஆய்வு வந்தது. வேன் கிளம்பியதும் உலகம்மாளுக்குப் பாதி உயிர் வந்தது. மீதி உயிர் அதிகாரி போனபிறகு வரும் என்று, மாவட்டச் சுகாதார அலுவலகத்திலிருந்து அதிகாரியாக வந்த டாக்டரம்மாவை வார்டு வார்டாகக் கூட்டிப்போனாள். கூடவே புருஷோத்தமனும் வந்தார். ஆண்கள் வார்டில் பதிவோடு புதிதாகச் சேர்ந்த இசைவாணி ஒருத்திதான் டூட்டியில் இருக்கவேண்டும். ஆனால் கடைசிக் கட்டிலுக்குப் பக்கத்தில், கோயிலுக்கென்று உடுத்திய புதுச் சுடிதாரோடு, சந்தனமாரி நின்று டிரிப்ஸைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

நடந்தது இவ்வளவுதான். வேன் புறப்படுகிற நேரத்தில் அவளுக்கு மாதவிலக்கு வந்துவிட்டது. தீட்டோடு கோயிலுக்குப் போகக்கூடாது என்று நினைத்து, டிரைவர் கோபாலிடம் ஏதோ சாக்குச் சொல்லி இறங்கிக்கொண்டாள். ஹாஸ்டலில் போய்ப் படுத்திருக்கலாம். இசைவாணி தனியாகத் திண்டாடுவாளே என்று வார்டுக்கு வந்துவிட்டாள். எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்த உலகம்மாள், பெண்ணாகப் பிறந்தும், இதை மட்டும் யோசிக்கவில்லை.

அதிகாரி நின்று, நீங்கள் நர்ஸா, பதிவு எண் என்ன என்று கேட்டார்.

"நர்ஸுதான் மேடம். நம்பரு சித்திட்ட இருக்கு" என்று சந்தனமாரி உலகம்மாளைக் காட்டிச் சிரித்தாள்.

டாக்டர் புருஷோத்தமன் சுவரைப் பார்த்தார். உலகம்மாளின் வாயிலிருந்து அது தானாக வந்தது.

"அது ஆயா வேல பாக்கிற பொண்ணு மேடம். தெரியாம பேசுது."

சந்தனமாரி சித்தியின் முகத்தை ஒரு நொடி பார்த்தாள். அதில் இருந்த பயம் அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். குனிந்து, கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்பேனை எடுத்துக்கொண்டு கழிவறைப் பக்கம் போனாள். ஆயாக்களை டிரிப்ஸைத் தொட விடாதீர்கள் என்று அதிகாரி கண்டித்து, ஆயா என்றே அவள் பெயரைக் குறித்துக்கொண்டார். ஆஸ்பத்திரி தப்பித்தது. நல்லவேளை, சமாளித்துவிட்டீர்கள் என்று புருஷோத்தமன் பாராட்டினார். உலகம்மாளுக்கோ, பெற்ற மகளைத் தெரியாது என்று சொன்னவள் மாதிரி உடம்பு கூசியது.

சாயங்காலம் உடை மாற்றும் அறையில் அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள். சந்தனமாரி கோபமாக வந்திருந்தால் தாங்கியிருப்பாள். வந்தவள் வாசலில் நின்றுகொண்டு, நான் ஏதும் தப்பாகச் சொல்லிவிட்டேனா சித்தி, என்னால் உங்களுக்குக் கெட்ட பெயர் வந்துவிட்டதா என்று கேட்டாள். அதற்குமேல் உலகம்மாளால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியவில்லை. உட்காரச் சொன்னாள். டிரஸ்ட் சான்றிதழ் செல்லாது என்பதையும், பதிவு எண் என்று ஒன்று அவளுக்கு என்றுமே இருந்ததில்லை என்பதையும், வல்லக்கோட்டைக்கு எதற்காக அனுப்பினோம் என்பதையும் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

சந்தனமாரி கேட்டாள்.

"மொத நாளே தெரியுமா?"

"தெரியும்."

"காலேஜுல சேரட்டுமான்னு கேட்டம்லா. அன்னைக்கும் தெரியும், என்ன?"

உலகம்மாள் தலையாட்டினாள்.

"நான் ஊசி போட்ட ஆளுவளுக்கு ஏதாவது ஆயிருந்தா?"

ஒன்றும் ஆகவில்லையே என்று உலகம்மாள் ஆரம்பித்தாள். பிள்ளை விடவில்லை, ஆகியிருந்தால் என்று மறுபடி கேட்டது. இதற்கும் பொய் சொன்னால் நாக்கு அழுகிவிடும் என்று உலகம்மாளுக்குத் தோன்றியது.

"உன்னையத்தான் பிடிச்சிட்டுப் போயிருப்பாவ."

சொல்லிவிட்டு அழுதாள். அழுதுகொண்டே, இனி ஒரு நாளும் இங்கே இருக்காதே, அங்கீகாரம் உள்ள காலேஜில் சேர், பீஸ் முழுக்க நான் கட்டுகிறேன், படிக்கிற காலத்தில் வேறு ஆஸ்பத்திரியில் பகுதிநேர வேலைக்கு அனுபவச் சான்று எழுதித் தருகிறேன் என்று மூச்சுவிடாமல் அடுக்கினாள். சந்தனமாரியின் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"என்னன்னு எழுதுவிய சித்தி?"

உலகம்மாளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஆறு வருஷம் நர்ஸாக இருந்தாள் என்று எழுத முடியாது. எழுதினால் ஆஸ்பத்திரியும் மாட்டும், பிள்ளையும் மாட்டுவாள். அன்று காலையில் உலகம்மாளே சொன்னதைத்தான் அரசாங்கமும் எழுதிக்கொண்டு போயிருக்கிறது.

"ஏளா, ஆயான்னுதான் எழுத முடியும்."

"அதையே எழுதுங்க. அதாவது செல்லும்லா."

உலகம்மாள் எழுதி, கையெழுத்துப் போட்டு, சீல் வைத்து நீட்டினாள். பெரியவர்களிடம் எதை வாங்கும்போதும் வாங்குவதுபோல், சந்தனமாரி அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.