காது நிமிர்ந்த படம்

குதிரைப் படங்களை நான் காதை வைத்துத்தான் பிரிப்பேன். இரண்டு காதும் முன்பக்கமாக நிமிர்ந்திருந்தால் படம் விற்கும். ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாக இருந்தால் அம்மாக்கள் மட்டும் வாங்குவார்கள், பிள்ளையின் முகம் நன்றாக விழுந்திருக்கிறதென்று. இரண்டும் பின்னால் படிந்து பிடரியோடு ஒட்டிக் கிடந்தால் யாரும் வாங்க மாட்டார்கள். குதிரை எதைக் கவனிக்கிறதோ அந்தப் பக்கம் அதன் காது திரும்பும். வலியோ கோபமோ வந்தால் பின்னால் படியும். கேமராவைப் பற்றி எனக்கு நிறையத் தெரியும். குதிரையைப் பற்றித் தெரிந்தது இவ்வளவுதான். தொழிலுக்கு இது போதுமானதாக இருந்தது.

படித்தது எலக்ட்ரானிக்ஸ். ஓ.எம்.ஆரில் ஒரு கம்பெனியில் மென்பொருள் சோதிக்கும் வேலை. கூட வேலை பார்த்த பெண் ஒருத்தி குதிரையேற்றம் கற்றுக்கொண்டிருந்தாள். அவளைப் படமெடுக்கப் போன நான், ஞாயிறுதோறும் போகத் தொடங்கி, ஒரு கட்டத்தில் வேலையை விட்டுவிட்டேன். மயிலாப்பூர் வீட்டில் அம்மா கோபப்படவில்லை. "குதிரை, கழுதை எல்லாம் வேண்டாம்டி. கல்யாண ஆல்பம் பண்ணு. மனுஷங்க கல்யாணம் பண்ணிக்கிறதை நிறுத்தப் போறதில்ல" என்றாள். வேலையை விட்டதற்குக் காரணங்களை வரிசையாக எடுத்துச் சொன்னேன். அம்மா வெண்டைக்காயை நறுக்கி முடித்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அடையாறு பக்கம், வாசலில் பெயர்ப்பலகை இல்லாத குதிரையேற்ற கிளப் அது. போட்டி நடக்கும் ஞாயிறுகளில் மைதானத்துக்குள் குதிரைகள் தாண்டும் தடையின் இடப்பக்கம், அவற்றுக்கு எதிர்முகமாக நின்று எடுப்பேன். முடிந்ததும் தூங்குமூஞ்சி மரத்தடியில் என் மடக்கு மேசையை விரித்து லேப்டாப்பைத் திறந்து வைத்தால், தொப்பியைக்கூடக் கழற்றாமல் ஓட்டியவர்கள் வந்து சூழ்ந்துகொள்வார்கள். பாடத்தில் சொன்னபடி தங்கள் குதிகால் கீழே இறங்கியிருக்கிறதா என்று முதலில் பார்ப்பார்கள். பிறகு கோரிக்கைகள் வரும். தொப்பையைக் கொஞ்சம் உள்ளே தள்ளுங்கள். பின்னால் குதிரை போட்ட லத்தியை எடுத்துவிடுங்கள். குதிரையைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஆளையும் எடுத்துவிடுங்கள். இந்தக் கடைசி இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வார்கள். தேர்ந்தெடுத்த படங்களை தி.நகரில் உஸ்மான் ரோட்டுக்குப் பின்னால் இருக்கும் லேபில் அச்சடித்து, அடுத்த ஞாயிறு உறையில் போட்டுக் கொடுப்பேன்.

மாநில அளவிலான போட்டி ஒன்று எங்கள் கிளப்பில் நடக்கவிருந்தது. உள்ளே நின்று படமெடுக்கும் அனுமதி எனக்கு மட்டும் என்று பயிற்சியாளர் சொல்லியிருந்தார். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அவர் மாஸ்டர். பல ஊர்களிலிருந்தும் ஓட்டுபவர்கள் வருவார்கள். அந்தப் போட்டி ஒன்று நன்றாக நடந்துவிட்டால் இதையே தொழிலாக வைத்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில்தான் நான் வேலையை விட்டது.

அதற்கு முந்தைய மாதம் ஒத்திகைப் போட்டி. மாசி மாத வெயில் எட்டு மணிக்கே கண்ணைக் கூசவைத்தது. தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஒருவரின் மகள், கல்லூரியில் முதல் வருடம் படிப்பவள், கிளப்பின் செம்பழுப்புக் குதிரையில் வந்துகொண்டிருந்தாள். நான் இடப்பக்கம். அவளுடைய அப்பா எனக்கு எதிரே, தடையின் வலப்பக்கம், போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். வெயிலில் போன் திரை தெரியவில்லை போலிருக்கிறது. அவருடைய கடையில் தீபாவளிக்குக் கொடுக்கும் சிவப்புக் குடையை அக்குளிலிருந்து எடுத்து, பொத்தானை அழுத்தினார். குடை படாரென்று விரிந்தது.

குதிரை முன்கால்களைத் தரையிலிருந்து எடுத்த வேகத்தில் அப்படியே வெட்டித் திரும்பி என்மேல் வந்தது. நான் பின்னால் பாய்ந்து விழுந்தேன். அந்தப் பெண் அதன் தோளுக்கு மேலாகப் போய், கையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டு உடைந்துவிட்டது.

அவர் ஓடி வந்தார். மகளைத் தூக்கி உட்கார வைத்த கையோடு என் பக்கம் திரும்பினார். குடையை மடக்கியிருந்தார்.

"ஏம்மா, குதிரை மூஞ்சிக்கு நேரா ஃப்ளாஷ் அடிக்கலாமா? அறிவு வேண்டாமா?"

"என்கிட்ட ஃப்ளாஷே இல்லை சார்."

"பளிச்சுன்னு அடிச்சுதே. நான் கண்ணால பார்த்தேம்லா? பிள்ள கை போச்சு, நீ வெளக்கம் சொல்லுத."

அவர்கள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய பிறகு, ஓடிய குதிரையைப் பிடித்துக் கொண்டுவந்த குதிரைக்காரரிடம் போனேன். சைதாப்பேட்டையிலிருந்து தினமும் சைக்கிளில் வருபவர். குடை விரிந்தபோது அதற்கு மிக அருகில் நின்றிருந்தார்.

"நீங்க பார்த்தீங்கல்ல?"

"பாத்தேன் மேடம். நல்லாவே பாத்தேன். உள்ள கூப்ட்டு கேட்டாங்கன்னா பாக்கலன்னுதான் சொல்லுவேன். இப்பவே சொல்லிக்கிறேன், அப்பால என் மேல கோச்சிக்காத."

"ஏன்?"

"அவரு வூட்டுப் பொண்ணு, கிளப்பு குதிரை, நான் கிளப்பு ஆளு. இதுல உனுக்காக நான் இன்னாத்த பேசறது? நீ கம்ப்யூட்டர்ல படிச்சவ, எதுனா காட்டிக்க."

எனக்கு அது நல்ல யோசனையாகவே பட்டது. அன்று வீட்டில் உட்கார்ந்து அந்த வரிசைப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒன்றில் குதிரையின் இரண்டு காதும் தடையைப் பார்த்திருந்தன. அடுத்ததில் இரண்டும் வலப்பக்கம் திரும்பியிருந்தன; படத்தின் வலது ஓரத்தில் பாதி விரிந்த சிவப்பு. அதற்கடுத்த படத்தில் குடை முழுதாக விரிந்திருந்தது. அதன் கீழே அவர், கையில் போன். குதிரையின் கழுத்து வளைந்து உயர்ந்திருந்தது. முன்கால்கள் மடங்கித் தரையை விட்டிருந்தன. காதுகள் குடையை நோக்கி ஊசி போல நின்றன. அந்தப் பெண்ணுக்கு இன்னும் எதுவும் தெரியாது. அவள் அமைதியாக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எடுத்ததிலேயே நல்ல குதிரைப் படம் அதுதான். பார்த்ததும் எனக்கு அது தெரிந்தது, அந்த நேரத்திலும்.

புதன்கிழமை கிளப் அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள். மாஸ்டர், ஜவுளிக்கடைக்காரர், மாவுக்கட்டுப் போட்ட கையோடு மகள். நான் லேப்டாப்பைத் திறந்து வைத்து, சோதனை அறிக்கை வாசிக்கும் குரலில் சொன்னேன். ஃப்ளாஷ் எரிந்திருந்தால் படத்தோடு கேமரா சேர்த்து வைக்கும் தகவலிலேயே பதிவாகியிருக்கும். அப்படி எதுவும் இல்லை. என் கேமராவில் சத்தமும் வராது. குதிரையின் காது என் பக்கம் திரும்பவில்லை. எல்லாவற்றையும் விட, பயந்த குதிரை பயந்த பொருளை விட்டு விலகி ஓடும். இது என் பக்கமாக ஓடி வந்தது.

மாஸ்டர் படத்தை வெகுநேரம் பார்த்தார். அவர் குதிரைகளோடு வாழ்ந்தவர். காதைப் பற்றி அவருக்கு நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மெதுவாகத் தலையாட்டவும் தொடங்கினார். நான் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன்.

ஜவுளிக்கடைக்காரர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. மாஸ்டரைப் பார்த்துக் கேட்டார்.

"அப்போ, குடையப் பாத்து மிரளுத குதிரையை எம்பிள்ளைக்கு எதுக்குக் கொடுத்தீரு?"

மாஸ்டரின் தலை ஆட்டத்தை நிறுத்திக்கொண்டது. குடை காரணமென்றால் குதிரை சரியில்லை, குதிரை கிளப்பினுடையது, அதைப் பழக்கியவர் அவர். நான் காரணமென்றால் யாருக்கும் எந்தச் சங்கடமும் இல்லை. இந்தக் கணக்கு மாஸ்டரின் முகத்தில் ஓடியதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இல்ல சார், நம்ம குதிரை குடைக்கெல்லாம் பயப்படாது" என்றார். "கேமராவா இருக்கலாம். லென்ஸ்ல வெயில் பட்டு அடிச்சிருக்கும்."

"அதத்தான நான் அன்னிக்கே சொன்னேன்."

வெயில் என் முதுகுப்பக்கம் இருந்தது, லென்ஸில் பட வழியே இல்லை என்றேன். இரண்டு பேரும் டீயைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். மகள் மட்டும் லேப்டாப் பக்கம் குனிந்து, நல்ல கையால் அந்தப் படத்தைத் தொட்டாள்.

"அப்பா, இது செமையா இருக்குப்பா. காது பாருங்களேன், எப்படி நிக்குதுன்னு."

"பொறவு பாக்கலாம்மா."

எல்லாப் படங்களையும் ஒரு பென் டிரைவில் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். வழக்கமாக யாருக்கும் முழு அளவில் படம் தர மாட்டேன். குறுக்கே என் பெயரைப் போட்டுச் சிறிதாக்கித்தான் காட்டுவேன். ஆதாரத்தில் கைவைத்தேன் என்று சொல்லிவிடக் கூடாதென்று இதில் அப்படிச் செய்யவில்லை. கேமராவிலிருந்து வந்தபடியே, முழு அளவில், பெயரில்லாமல். பழைய வேலையில் பழகிய ஒழுங்கு. கிளப் கமிட்டியில் காட்டுங்கள் என்று மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன்.

அன்று மாலை மாஸ்டரிடமிருந்து செய்தி வந்தது. மறு அறிவிப்பு வரும்வரை வெளியாட்கள் மைதானத்துக்குள் படமெடுக்க அனுமதியில்லை. மாநிலப் போட்டிக்கு, அந்த ஜவுளிக்கடைக்கு விளம்பரம் எடுக்கும் ஸ்டூடியோக்காரர்கள் வந்து எடுத்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். அம்மா எதையும் சொல்லிக்காட்டவில்லை. வடபழனியில் தூரத்துச் சொந்தத்தில் ஒரு நிச்சயதார்த்தம் இருப்பதாக மட்டும் சொன்னாள்.

மழைக்காலம் முடிந்த பிறகுதான் என் மடக்கு மேசையை எடுத்துவரப் போனேன். அது அலுவலகத்தில் கிடந்தது. உள்ளே நுழைந்ததும் எதிர்ச்சுவரில், கதவளவுக்கு, கேன்வாஸில் அந்தப் படம். வளைந்த கழுத்து, மடங்கிய முன்கால், அமைதியான முகம், நிமிர்ந்த இரண்டு காது. கீழே ஜவுளிக்கடையின் பெயர், அன்பளிப்பு என்று. வலப்பக்கம் வெட்டப்பட்டிருந்தது. குடையும் இல்லை, அவரும் இல்லை.

மேசையைத் தூக்கித்தர வந்த குதிரைக்காரர் என் பக்கத்தில் நின்று பார்த்தார்.

"குடைய வெட்டிட்டாங்க மேடம். ஆனா இது இன்னும் அத்தயே பாத்துக்கினு கீது பாரு."

மாஸ்டர் உள்ளேயிருந்து வந்தார். என்னைப் பார்த்ததில் அவருக்குச் சிறிது தயக்கம், உடனே சமாளித்துக்கொண்டார்.

"நல்லதாப் போச்சும்மா நீங்க வந்தது. படம் கொஞ்சம் மங்கலா வந்திருக்கு, பாருங்க. அவரு நேத்துகூடச் சொன்னாரு. உங்க லேப்ல நீங்களே பாத்துப் போட்டுக் கொடுத்தா நல்லா வரும். அதைச் செஞ்சிட்டீங்கன்னா, உங்க அனுமதி விஷயத்தை நானே அவர்கிட்ட பேசிப் பார்ப்பேன்."

படம் மங்கலாகத்தான் இருந்தது. சிறு பகுதியை வெட்டி அவ்வளவு பெரிதாக்கினால் அப்படித்தான் ஆகும்.

"வெட்டாம முழுசாப் போட்டா தெளிவா வரும் சார்" என்றேன். "போட்டுத் தரட்டுமா?"

அவர் சுவரைப் பார்த்தார். பிறகு, அடுத்த வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று மைதானத்தைப் பார்த்து நடந்தார். குதிரைக்காரர் மேசையை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, என் தோள்பையையும் உள்ளே எடுத்து வைத்தார்.

இப்போது நான் எடுப்பதெல்லாம் கல்யாணங்கள்தான், பெரும்பாலும் வடபழனிப் பக்கம். சில மாப்பிள்ளை அழைப்புகளில் சாரட்டு வண்டி வைக்கிறார்கள். பாண்டு வாத்தியத்துக்கும் சரவெடிக்கும் நடுவில், ஜிகினாத் துணி போர்த்திய வெள்ளைக் குதிரை நின்றுகொண்டிருக்கும். இரண்டு காதும் பிடரியோடு ஒட்டிக் கிடக்கும். பழக்கதோஷத்தில் முதலில் நான் அதைத்தான் பார்க்கிறேன். ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்க வரும் யாரும் இதுவரை அதைப் பற்றிக் கேட்டதில்லை. மாப்பிள்ளை முகம் நன்றாக விழுந்திருந்தால் போதும் என்கிறார்கள். விழுந்திருக்கிறது.