பல்லி இல்லாத வீட்டில் கேட்ட உத்தரவு

2004-ஆம் வருடம் சித்திரையில் என் அப்பாவுக்கு மாரடைப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் வீட்டுக்கு வந்தவர் எங்கள் பழைய அப்பா இல்லை. தபால் ஆபீஸ் கவுண்டரில் இருந்துகொண்டு வரிசையில் நிற்பவர்களிடமெல்லாம் ஊர்க்கதை பேசியவர் அவர். இப்போது ஹாலில் நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துவிட்டார். சாப்பிடக் கூப்பிட்டால் "ம்" என்பார். அவ்வளவுதான். வாசற்படி தாண்டவே மாட்டேன் என்றுவிட்டார். பெருங்களத்தூர் வீட்டுக்கு வந்து பார்த்த சொந்தக்காரர்கள் தெருவுக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

நான் ஒரே பெண். அந்த வருடம்தான் தாம்பரத்தில் எம்.எஸ்சி. விலங்கியல் முடித்திருந்தேன். பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று ஆசை. ஆசை என்பதுகூடக் குறைவு, வேறு எதையும் நினைக்கவே எனக்குத் தெரியவில்லை. இதற்கிடையில் ஒரு கம்பெனியில் வேலையும் கிடைத்தது. வேன் வாசலுக்கே வரும், அப்பாவை விட்டுப் போக வேண்டாம். நான் போய்விட்டால் இவரை யார் பார்ப்பார்கள்? அவரிடமே கேட்டேன். சுவரைப் பார்த்தார்.

எங்கள் வீட்டில் பெரிய விஷயம் எதுவும் முருகன் உத்தரவு இல்லாமல் நடக்காது. விளக்கேற்றி, படத்துக்கு முன்னால் விஷயத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். விளக்கு குளிர்வதற்குள் பல்லி சொன்னால் உத்தரவு. இந்த வீடு வாங்கியதும் அப்படித்தான், எனக்குக் காது குத்தியதும் அப்படித்தான். பல்லி சொன்னதும் அப்பா ஆள்காட்டி விரலால் தரையைத் தட்டுவார். நாங்களும் தட்டுவோம். விலங்கியல் படித்தவள் இதை நம்பலாமா என்று தோழிகள் கிண்டல் செய்வார்கள். பல்லி எதற்குக் கத்துகிறது என்று பாடத்தில் இருக்கிறது, நான் கேட்கும் நேரத்தில் அதைக் கத்த வைப்பது யார் என்று பாடத்தில் இல்லையே என்பேன்.

கந்த சஷ்டி வந்தது. ஆறு நாளும் விரதம் இருந்து, விளக்கேற்றி இரண்டு விஷயம் கேட்டேன். "முருகா, எங்க அப்பாவத் திருப்பிக் கொடு. நான் அப்ளை பண்ணலாமா, சொல்லு." ஒரு சத்தமும் இல்லை. சூரசம்ஹாரத்தன்று சாயங்காலமும் அப்படியே. வெளியே நல்ல மழை. விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் நெருங்கிவிட்டது. விளக்கு குளிர்ந்ததும் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவனுக்கே நான் வேண்டாம் போலிருக்கிறது என்று தோன்றியது.

அம்மா என் தலையைத் தடவினாள். "உத்தரவு இல்லன்னா விடு கவிதா. வேலைல சேந்துக்கோ. அவன் ஏதோ நெனச்சுதான் வாயத் தொறக்கல."

"பல்லியே இல்லாத வீட்ல எது வாயத் தொறக்கும்?"

அப்பாவின் குரல். நானும் அம்மாவும் திரும்பினோம். அவர் இன்னும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "நவராத்திரிக்குப் பெயிண்ட் அடிச்சீங்கல்ல, அன்னிலேர்ந்து ஒண்ணுகூட இல்ல. நான்தான் தினம் பாத்துட்டு இருக்கேனே."

என் முகத்தில் அசடு வழிந்தது. எம்.எஸ்சி.யில் முதல் வகுப்பு வாங்கியவள், பல்லியே இல்லாத வீட்டில் ஆறு நாள் பல்லியிடம் கேட்டிருக்கிறேன். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவும் சிரித்தார்.

"எல்லாம் எங்க போயிருக்கும்ப்பா?" என்றேன்.

"படிச்சவ நீதான, வா பாக்கலாம்" என்று எழுந்தார்.

மழை விட்டிருந்தது. என் தோளைப் பிடித்துக்கொண்டு அப்பா பின்வாசல் படி இறங்கினார். மோட்டார் ரூமில் குண்டு பல்பு எரிந்துகொண்டிருந்தது. மழைக்குக் கிளம்பிய ஈசல் அதை மொய்த்தது. சுவர் முழுக்கப் பல்லிகள். எனக்கு மற்றதெல்லாம் மறந்துபோனது. வாசனை பிடிக்காமல் வந்தனவா, பெயிண்ட் காய்ந்த பிறகும் ஏன் திரும்பவில்லை, இவை நம் வீட்டுப் பல்லிகள்தான் என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று பேசிக்கொண்டே போனேன். அப்பா பல்லிகளைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது ஒன்று சொன்னது. தெளிவாக, எங்கள் தலைக்கு மேலேயே.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இதை எழுதும்போதும் சிலிர்க்கிறது. அப்பா கையை நீட்டி, ஈரச் சுவரில் விரலால் தட்டினார்.

அம்மா பின்வாசலிலிருந்து, "ஏங்க, அது எந்தத் திசை?" என்றாள்.

"எந்தத் திசையா இருந்தா என்ன? அவ அப்ளை பண்ணட்டும்" என்றார் அப்பா.

மறுநாளே விண்ணப்பத்தை அனுப்பினேன். நேர்முகத்தில் எதற்காக ஆராய்ச்சிக்கு வருகிறாய் என்று கேட்டார்கள். மோட்டார் ரூமில் கேட்ட கேள்விகளைச் சொன்னேன். இடம் கிடைத்தது. என்னை ரயிலேற்ற அப்பா தாம்பரம் ஸ்டேஷன் வரைக்கும் வந்தார், வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார்.

பல்லியின் வாயைத் திறக்கச் சொல்லி நான் அழுதேன். முருகன் அதைத் தூர வைத்துவிட்டு என் அப்பாவின் வாயைத் திறந்தான். நான் கேட்ட இரண்டையும் ஒரே சாயங்காலத்தில் கொடுத்தான். அவன் கணக்கு நமக்கு எங்கே புரிகிறது?

உத்தரவு வரவில்லையே என்று கலங்கி நிற்பவர்களே, கேட்பதை விட்டுவிடாதீர்கள். அவன் எந்தச் சுவரிலிருந்தும் சொல்வான். இப்போதும் சாயங்காலம் பெங்களூருக்குப் போன் வரும். "ஹாலுக்கு ஒண்ணு திரும்பி வந்துடுச்சும்மா, வாலு பாதிதான் இருக்கு" என்பார் அப்பா. நேற்று பேசிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பக்கம் பல்லி சொன்னது. உடனே அப்பா விரலால் தட்டுவதும் கேட்டது. நான் இங்கே மேஜையில் தட்டினேன்.