நடுவில் வந்து நின்றவர்

இளஞ்சோடி ஏறினால் அவர்கள் சீட்டை ஒட்டியே நிற்பார், எங்கள் பேச்சிப்பாறை பஸ் கண்டக்டர். நரைத்த மீசை, காதில் செருகிய பேனா. இந்த வயதில் என்ன புத்தி என்று எனக்கு எரிச்சலாக இருக்கும்.

ஒருநாள் என் பக்கத்து வீட்டுக்காரரின் மகள் ஒரு பையனோடு உட்கார்ந்திருந்தாள். நான் போனை எடுத்ததும் அவர் நடுவில் வந்து அவர்களை மறைத்துக்கொண்டார்.

“ஆருக்கு விளிக்கிய?”

“அவ அப்பாவுக்கு. நல்லதுக்குத்தான்.”

“நானும் நல்லதுக்குத்தான், இப்பிடி வந்த ஒரு சோடியில பொண்ணுக்க தகப்பன விளிச்சு சொன்னேன். மூணாம் நாளு ரெண்டு பேரையும் அணையில இருந்து பொணமா தூக்குனாவ. ஊரு அந்தத் தகப்பன ஏசுது. விளிச்சு சொன்னவன் ஆருன்னு ஒருத்தனும் கேக்கல.”

போனைச் சட்டைப்பையில் போட்டேன். அவர் நம்பவில்லை போலிருக்கிறது. நான் இறங்கும்வரை என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.