தொட்டுப் பார்க்காத கால்

ஆயத்த ஆடை ஆலையின் செக்கிங் பிரிவில் அவளுக்குக் 'கறார்' என்று பெயர். பதினோரு வருடமாக அதே மேசை, தலைக்கு மேல் அதே இரண்டு ட்யூப்லைட், முன்னால் மலைபோல் சட்டைகள். விட்டுப்போன தையல், இழுபட்ட நூல், எண்ணெய்க் கறை, எதுவும் அவள் விரலைத் தாண்டிப் போனதில்லை. இதையெல்லாம் யார் கவனிக்கப் போகிறார்கள் என்று மேற்பார்வையாளர் இளித்துக்கொண்டு வந்து நின்றாலும், அந்தச் சட்டை தைத்தவளிடமே திரும்பிப் போகும். அவளுக்குக் கோபம் மூக்கு நுனியில். அதற்காக அவள் வெட்கப்பட்டதும் இல்லை.

அவளுடைய ஒரே மகளுக்கு ஏழு வயதில் வலது தொடையில் ஒரு தடம் விழுந்தது. கட்டைவிரல் அகலம். ஓரத்தில் ஊதா நிறம், நடுவில் மெழுகு பூசினாற்போல வெளிறிய மினுமினுப்பு. வலியும் இல்லை, அரிப்பும் இல்லை. தெருக்கோடி டாக்டர் நாற்காலியை விட்டு எழாமலே எட்டிப் பார்த்தார். படைதான், ஒட்டிக்கொள்ளும், கைபடாமல் பஞ்சால் தடவுங்கள் என்று ஒரு களிம்பு எழுதித் தந்தார். மூன்று மாதம் தடவினாள். தடம் முழங்காலை நோக்கி இறங்கியது. மறுபடி போனபோது வறண்ட தோல் என்றார், வேறு களிம்பு. அதற்கடுத்த முறை வெண்புள்ளியாக இருக்கலாம் என்றார்.

இதைக் கேட்ட நாத்தனார், வெளியே மூச்சுவிடாதே, நாளைக்கு இவளை யார் கட்டிக்கொள்வார்கள் என்று ஆரம்பித்தாள். பால் பல் முழுசாக விழாத பிள்ளைக்கு இப்போதே மாப்பிள்ளை பார்க்கிறாயா என்று இவள் போட்ட போட்டில், நாத்தனார் ஆறு மாதம் அந்தத் திசையில் தலைவைத்துப் படுக்கவில்லை. பள்ளியில் விளையாட்டு வாத்தியார், ஓடச் சொன்னால் உங்கள் பெண் காலை இழுத்து நடிக்கிறாள் என்று குறிப்பேட்டில் எழுதி அனுப்பினார். அவரையும் போய் ஒரு பிடி பிடித்துவிட்டு வந்தாள். ஆனால் கால் இழுப்பது உண்மைதான் என்பது அவளுக்கே உறுத்தியது.

மகளுக்கு எட்டரை வயதானபோது புதுப் பேன்ட்டுக்கு அளவெடுத்தாள். வலது தொடையின் சுற்றளவு இடதைவிட இரண்டு சென்டிமீட்டர் குறைவு. நீளத்திலும் ஒரு சென்டிமீட்டர் குறைவு. டேப் பழசு என்று வேறு டேப்பை எடுத்து அளந்தாள். அதே கணக்கு. முழங்காலை நீட்டச் சொன்னாள். மகளால் முழுதாக நீட்ட முடியவில்லை. அப்போதுதான் பஞ்சை விட்டு, தன் விரலால் அந்தத் தடத்தை அழுத்திப் பார்த்தாள். பலகை மாதிரி இருந்தது. நாளெல்லாம் அடுத்தவன் சட்டையைத் தடவிப் பார்க்கிற கை, பெற்ற பிள்ளையின் காலை ஒன்றரை வருடமாகத் தொடவில்லையே என்று டேப்பைச் சுருட்டி எறிந்தாள்.

வளர்கிற பிள்ளை, சரியாகிவிடும் என்றார் வேன் ஓட்டுகிற கணவர். இவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மறுநாளே லீவு சொல்லிவிட்டுக் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். தோல் பிரிவிலிருந்து மூட்டு நோய் டாக்டரம்மாவிடம் அனுப்பினார்கள். அந்த அம்மா தரையில் மண்டியிட்டு, மகளிடம் கேட்டுவிட்டு, இரண்டு தொடைகளிலும் தோலைக் கிள்ளிப் பார்த்தார். இடது பக்கம் மடிந்தது. வலது பக்கம் மடியவே இல்லை. ஸ்கேனும், துளி சதை எடுத்த பரிசோதனையும் முடிந்த பிறகு விளக்கினார்.

"இதுக்குப் பேரு ஸ்கிளிரோடெர்மா. உடம்பு முழுக்க வர்ற வகை இல்ல, ஒரு இடத்துல மட்டும் வர்றது. நம்ம எதிர்ப்பு சக்தியே தப்பாத் திரும்பி அந்த இடத்தை இறுக்கிடுது. இவளுக்குத் தோலோட நிக்கல, சதைக்கும் இறங்கிடுச்சு. அதான் அந்தக் கால் சரியா வளரல. யாருக்கும் ஒட்டாது."

"முன்னாடியே வந்திருந்தா?"

டாக்டரம்மா மழுப்பவில்லை. "இவ்வளவு குறைஞ்சிருக்காது."

எதிர்ப்பு சக்தியை அடக்க வாரம் ஒரு மெத்தோட்ரெக்சேட் ஊசி, முதல் சில மாதம் ஸ்டீராய்டு மாத்திரை, அடிக்கடி ரத்தப் பரிசோதனை, தினமும் முழங்காலுக்குப் பயிற்சி என்று எழுதினார். நோயை நிறுத்தலாம், குறைந்த நீளம் திரும்ப வராது என்றும் சொல்லிவிட்டார்.

அவள் வீட்டுக்குப் போகவில்லை. பழைய மருந்துச் சீட்டுகள் பையிலேயே இருந்தன. மகளோடு நேராகத் தெருக்கோடி டாக்டரிடம் போய்ச் சீட்டுகளை மேசையில் பரப்பினாள். அவர் புதுச் சீட்டையும் வாசித்தார். லட்சத்தில் சில பேருக்கு வருகிற நோய், யாராயிருந்தாலும் தவறவிட்டிருப்பார்கள் என்றார்.

"அபூர்வம்தான் சார், ஒத்துக்கறேன். பேரு தெரியலன்னா பரவாயில்ல. மூணு தடவை வந்தோம். ஒரு தடவையாவது தொட்டுப் பார்த்தீங்களா?"

மகளின் பாவாடையை மேலே தூக்கி, இப்போதாவது தொடுங்கள் என்றாள். வெளியே காத்திருந்தவர்கள் திறந்த கதவு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டாக்டர் எழுந்து வந்து அழுத்திப் பார்த்தார். அவர் முகம் விழுந்துவிட்டது. நோயின் பெயரை ஒரு தாளில் எழுதிக்கொண்டார்.

ஜெயித்த மிதப்பில் தெருவில் இறங்கினாள். மகள் பத்தடி பின்னால் வந்தாள். கூப்பிட்டாலும் கிட்டே வரவில்லை. வீட்டு வாசலில்தான் வாயைத் திறந்தாள்.

"எல்லாரும் பார்த்தாங்க. அது என் கால்மா. என்னை ஏன் கேக்கல?"

 அன்று முழுக்க ஊர்பட்ட ஆட்கள் மேல் இருந்த கோபம் மொத்தமும் கறாரின் தலையிலேயே வந்து விழுந்தது. தப்புத்தான் என்றாள். அவள் அந்த வார்த்தையைச் சொல்லி மகள் கேட்டது அதுதான் முதல் தடவை.

இரண்டரை வருடம் ஊசி போட்டார்கள். ஊசி போட்ட மறுநாள் பிள்ளைக்குக் குமட்டும், பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்பாள். சில வாரங்களில் இருவரும் ஆளுக்கொரு மூலையில் உர்ரென்று உட்கார்ந்திருப்பார்கள். முழங்கால் மெல்ல மெல்ல நீண்டது. ஊதா ஓரம் மறைந்தது, தோல் இளகியது, புதிதாக எங்கும் தடம் விழவில்லை. இந்த வருடம் மருந்தை நிறுத்தியிருக்கிறார்கள். திரும்ப வரலாம் என்பதால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போகவேண்டும். குறைந்த நீளத்தை ஈடுகட்ட மகள் வலது செருப்புக்குள் ஒரு சென்டிமீட்டர் கனத்தில் அட்டை வைத்துக்கொள்கிறாள். பரிசோதனை அறைக்குள் யார் கூட வரவேண்டும் என்பதையும் மகளே முடிவு செய்கிறாள். போன தடவை அம்மாவை வெளியே உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தாள். தொடாமல் விட்ட அந்த ஒன்றரை வருடத்தை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது.