குழாய்க்காரரின் காலைக் கடிதம்

குழாய்க்காரருக்குப் பல் விளக்குவதும் கடிதம் எழுதுவதும் ஒன்று. இரண்டில் எது தவறினாலும் அன்றைக்கு ஆளிடம் யாரும் வாய் கொடுக்கமுடியாது. காலையில் மோட்டாரைப் போட்டுவிட்டு, மாடித் தொட்டி நிரம்பி வழிகிற சத்தம் கேட்கும்வரை படிக்கட்டில் உட்கார்ந்து செல்போனில் ஒற்றை விரலால் தட்டுவார். தொட்டி வழிந்தால் கடிதம் முடிந்தது. வாக்கியம் அந்தரத்தில் நின்றாலும் சரி, ஒரு புள்ளியை வைத்து அனுப்பிவிடுவார்.

ஆரம்பித்து வைத்தது வெளிநாட்டுக்குக் கட்டிக்கொடுத்த தங்கச்சி. நல்லா இருக்கேன், நல்லா இருக்கியா என்று ரெண்டு வரி போட்டு ஏமாத்தாதே அண்ணே, அன்னன்னைக்கு நடந்ததை எழுது என்று போனில் ஒரு பாட்டம் அழுதாள். அழாதே தாயே என்று இவர் எழுதப்போக, அவள் அதைத் தெரிந்தவர்களுக்குப் படித்துக்காட்ட, எங்களுக்கும் வேணும் என்று அவர்கள் கேட்க, தங்கச்சி வீட்டுக்காரர் ஏதோ ஏற்பாடு செய்துகொடுத்தார். பேர் கொடுத்தவர்களுக்கெல்லாம் மெயிலில் தானாகப் போய்விடும். பேர் கொடுப்பவர்கள் பெருகிக்கொண்டே போனார்கள். முன்பின் பார்த்திராத ஆட்களெல்லாம் காலை டீயோடு இவரையும் சேர்த்துக் குடித்தார்கள்.

எழுத என்ன பஞ்சம்? அடைப்பு எடுக்கப் போன வீட்டில் அப்பனும் மகனும் முகம் கொடுத்துப் பேசாமல், இவரை நடுவில் வைத்து, "அவர்கிட்ட சொல்லுங்க", "அவன்கிட்ட சொல்லுங்க" என்று சண்டை போட்டது ஒரு நாள். குழாய் வாங்கப் போன கடையில் கடைக்காரர் நாற்காலியிலேயே தூங்க, வந்தவர்கள் எல்லாம் சத்தம் போடாமல் காத்திருந்தது ஒரு நாள். பாதி நாள் எழுதியது வீட்டுக்காரி சொன்ன கதை. அவள் ஃபேன் கம்பெனியில் வேலை பார்த்தாள். சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போதே கதையை ஆரம்பித்துவிடுவாள்.

யார் பேரையும் எழுதுவதில்லை என்று ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார். பேர் போடாவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று தைரியம். அந்த வட்டாரத்தில் கடிதம் எழுதுகிற குழாய்க்காரர் ஒருத்தர்தான், அவருக்கு வீட்டுக்காரியும் ஒருத்திதான் என்பது மண்டையில் ஏறவில்லை.

ஏறாததற்கு ஒரு நாள் வட்டியோடு அனுபவித்தார். அதற்கு முந்தின நாள் முழுக்க ஒரே ஒரு வீட்டில் ஒரே ஒரு வாஷர் மாற்றியிருந்தார், அவ்வளவுதான் வேலை. படிக்கட்டில் உட்கார்ந்து தலையைச் சொறிந்தார். மேலே தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து உள்ளே வீட்டுக்காரி ரேடியோவை வலது பக்கம் நகர்த்திவைத்தாள். சட்டென்று கை ஓடியது. இவளுக்கு இடது காது கேட்பதில்லை, காய்ச்சல் ஒன்று வந்து போனதிலிருந்து இப்படி, யாரிடமும் சொன்னதில்லை, நான் மட்டும் நடக்கும்போதும் உட்காரும்போதும் வலது பக்கமாகவே இருந்துகொள்வேன், இவ்வளவு வருஷத்தில் அவளும் கேட்டதில்லை நானும் சொன்னதில்லை என்று எழுதினார். தொட்டி வழிந்தது. புள்ளி வைத்து அனுப்பினார்.

பதில் வந்து குவிந்தது. கண்ணீர் விட்டதாக எழுதியவர்கள், புருஷனுக்குப் படித்துக்காட்டினோம் என்று எழுதியவர்கள். தங்கச்சி ஒரு வரி முழுக்க இதயமாகப் போட்டிருந்தாள். அன்றைக்கு ஒரு கழிவறையில் முழங்கால் தண்ணீரில் நின்றபோதுகூட மனுஷர் சீட்டியடித்துக்கொண்டுதான் நின்றார்.

கம்பெனியில் அவளுக்கு டெஸ்டிங் மேஜை வேலை. ஃபேனை ஓடவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்கவேண்டும். பேரிங் லேசாகக் கரகரத்தாலும் ஒதுக்கி வைக்கவேண்டும். நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டு ஒற்றைக் காதாலேயே காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள். அங்கே அவளுக்கு மேலே இருந்த சூப்பர்வைசரின் மனைவியும் கடிதத்துக்குப் பேர் கொடுத்தவர்களில் ஒருத்தி என்று யார் கண்டது.

சாயங்காலம் வந்தவள் செருப்பைக் கழற்றினாள், கதை ஒன்றும் வரவில்லை. கை கால் கழுவினாள், துண்டை எடுத்துத் துடைத்தாள்.

"லெட்டர் ரொம்ப நல்லா இருந்துச்சாம். சூப்பர்வைசர் சொன்னார்."

அப்படியா என்று முகமெல்லாம் பல்லாகத் திரும்பினார் குழாய்க்காரர்.

"நாளையிலேருந்து என்னைப் பேக்கிங்ல உக்காரச் சொல்லிட்டாங்க."

பல் உள்ளே போய்விட்டது. நான் வந்து பேசுகிறேன் என்றார். என்ன பேசுவீங்க, பொய் எழுதிட்டேன்னா என்று கேட்டாள். அதற்குமேல் அவள் கத்தவும் இல்லை, அழவும் இல்லை. கத்தியிருந்தால் தேவலை.

மறுநாள் காலை மோட்டாரைப் போட்டுவிட்டு உட்கார்ந்து ஒரு மன்னிப்பு எழுதினார். நீளமாக, நன்றாகவே வந்தது. அனுப்புவதற்கு முன்னால் உள்ளே கொண்டுபோய் அவளிடம் காட்டினார். படித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"மன்னிப்பு என்கிட்ட கேக்கணும்னா என்கிட்ட கேளுங்க. அவங்களுக்கு எதுக்கு கார்பன் காப்பி?"

வாயைத் திறந்தார். ஊருக்கே எழுதித் தள்ளுகிற மனுஷனுக்கு எதிரில் நிற்கிற ஒருத்தியிடம் நாலு வார்த்தை புரளவில்லை. மேலே தொட்டி வழிந்துகொண்டே இருந்தது. போய் மோட்டாரை நிறுத்துங்க என்றாள். நிறுத்தினார். மன்னிப்பை அழித்துவிட்டு வாஷரைப் பற்றி எழுதி அனுப்பினார்.

அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு இருந்தது, சேதி இல்லை. சாப்பிடுங்க, விளக்கை அணைங்க, கேஸ் தீரப்போகுது. கம்பெனி எப்படி இருக்கு என்று கேட்டால், இருக்கு என்பாள். இவர் கடிதம் உப்பில்லாமல் போயிற்று. வால்வு பற்றி, பைப் விலை பற்றி. வீட்டுக்காரம்மாவைக் காணோமே என்று கேட்டு எழுதினார்கள். தங்கச்சி போனே போட்டுவிட்டாள், அண்ணி நல்லா இருக்காங்களா என்று. நல்லாத்தான் இருக்கா என்று சொல்லிவிட்டு, மோட்டார் ஓடுது என்று போனை வைத்தார்.

முதலில் கடிதத்துக்குத்தான் கவலைப்பட்டார். பொய் சொல்வானேன். போகப்போகத்தான், சாயங்காலம் ஆனால் வாசலில் செருப்புச் சத்தத்துக்குத் தானாகத் தலை திரும்புவதும், ஒன்றும் கிடைக்காமல் திரும்பிக்கொள்வதும் உறைத்தது. அவள் கதை சொன்ன காலத்தில் ஒழுங்காகக் கேட்டோமா என்று யோசித்தார். எந்த வரி காலைக்கு ஆகும் என்று பொறுக்கிக்கொண்டே அல்லவா தலையாட்டியிருக்கிறோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலறைத் தொட்டி அடைத்துக்கொண்டது. குழாய்க்காரர் அடியில் மல்லாக்கப் படுத்து, வளைவுக் குழாயைக் கழற்றி, இரண்டு கையிலும் கரிச் சேறு அப்பிக்கொண்டு கிடந்தார். அவள் பக்கத்தில் டார்ச் பிடித்து உட்கார்ந்திருந்தாள்.

"உங்ககிட்ட கேக்காம விட்டது என் தப்பு. கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்ப. அது தெரிஞ்சுதான் கேக்கல" என்றார் குழாயைப் பார்த்துக்கொண்டே. பதட்டத்தில் பெண்டாட்டியை முதல் தடவையாக மரியாதையாகக் கூப்பிட்டதுகூட அவருக்குத் தெரியவில்லை.

டார்ச் வெளிச்சம் கொஞ்சம் ஆடியது. சிரிக்கிறாள் போலிருக்கிறது. எட்டிப் பார்க்க வழியில்லை.

டார்ச்சை மறு கைக்கு மாற்றிப் பிடித்து, பேக்கிங்கில் ஒரு அக்கா இருக்காங்க என்று ஆரம்பித்தாள். அந்த அக்கா மூக்குக் கண்ணாடியை ஃபேன் பெட்டிக்குள் வைத்து டேப் ஒட்டிவிட்டாளாம். எந்தப் பெட்டி என்று தெரியாமல் அத்தனையும் பிரித்தார்களாம். கண்ணாடி இல்லாமல் தேடியதால் அந்த அக்கா பிரித்த பெட்டியையே திரும்பத் திரும்பப் பிரித்தாளாம். குழாய்க்காரர் சிரித்த சிரிப்பில் தலை தொட்டியில் இடித்தது. விரல் பரபரத்தது. என்ன மாதிரி கதை.

"நாளைக்கு என்ன எழுதப்போறீங்க?"

"சிங்க் அடைப்பு."

"அதை எவன் படிப்பான்?"

"படிக்காட்டிப் போறான்."

குழாயிலிருந்து கடைசியாக இருந்த அழுக்குத் தண்ணீர் வாளியில் சொட்டியது.

"வலது காதுலயும் இப்ப ஒரு இரைச்சல் இருக்குங்க. கொஞ்ச நாளா. பயமா இருக்கு."

குழாய்க்காரர் வெளியே வந்து, சேற்றுக் கையோடு அவள் எதிரில் உட்கார்ந்தார். நாளைக்கு வேலைக்குப் போகவேண்டாம், நானும் போகவில்லை, காது டாக்டரிடம் போவோம் என்று மட்டும் சொன்னார். சரி என்று தலையாட்டினாள்.

மறுநாள் காத்திருக்கும் கூடத்தில் இடம் இல்லாத கூட்டம். அத்தனை பேரும் காது கேட்காதவர்கள். பேர் கூப்பிட உட்கார்ந்திருந்த பெண்ணோ வாயில் துணியைக் கட்டிக்கொண்டு, ரகசியம் சொல்வதுபோல் முணுமுணுத்தாள். ஒவ்வொரு பேருக்கும் கூடமே முன்னால் சாய்ந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. வராதவர் என்று அவள் கோடு கிழித்தாள். ஒரு பெரியவர் தனக்குச் சம்பந்தமில்லாத பேருக்கெல்லாம் எழுந்துபோய், இல்லையென்று திரும்பி வந்துகொண்டிருந்தார்.

வீட்டுக்காரி முழங்கையால் இடித்தாள். சிரிப்பை அடக்கியதில் கண்ணில் தண்ணீர்.

"இதை எழுதிக்கோங்க. இது நம்ம வீட்டு விஷயம் இல்ல."

குழாய்க்காரர் போனை எடுத்தார். முதல் வார்த்தையைத் தட்டினார். அதற்குள் மேஜைப் பக்கம் மறுபடி ஒரு முணுமுணுப்பு. போனைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு எழுந்துபோய் அந்தப் பெண்ணின் மேஜையை ஒட்டி நின்றுகொண்டார். வீட்டுக்காரியின் பேர் காதில் விழுகிறவரை அந்த இடத்தை விட்டு நகரவில்லை.