சாலையைக் கடக்க ஓர் ஆட்டோ

சட்டைக்குக் காலர் தைப்பவள் என்பதால் கம்பெனியில் அவளுக்குக் காலரக்கா என்றே பெயர். கம்பெனி, அவள் வீட்டு வாசலுக்கு நேர் எதிரே, சாலையின் மறுபக்கம். முன்பெல்லாம் நடைபாதையில் கடை கடையாக வேடிக்கை பார்த்தபடி சிக்னல்வரை நடந்து, சாலையைக் கடந்து போய் வருவாள். சாலையை அகலப்படுத்தினார்கள். நடைபாதை போயிற்று, நடுவில் ஆள் உயரச் சுவர் எழும்பிற்று. அதன்பிறகு எதிர்ப்பக்கம் போக ஷேர் ஆட்டோ ஏறி, பாலம்வரை போய்த் திரும்பி வரவேண்டியதாயிற்று. உட்கார்ந்தே போய், உட்கார்ந்தே தைத்து, உட்கார்ந்தே திரும்பினாள். உடம்பு போட்டது. முழங்கால் மடங்க மறுத்தது. பெடலை மிதிக்கும்போது உயிர் போயிற்று.

"எடை குறைஞ்சாத்தான் மூட்டு ஆபரேஷன்மா. தினமும் நடங்க," என்றார் டாக்டர்.

சாலையோரமாக நடந்தாள். முதல் நாளே லாரியின் கண்ணாடி தோளை உரசிப் போனது.

"நீ இளைக்கிறதுக்குள்ள லாரிக்காரன் உன்னைத் தட்டையாக்கிருவான்டி," என்றார் கணவர். சிரிக்கவில்லை.

பிறகு கம்பெனியிலேயே, சாப்பாட்டு நேரத்தில், துணி வெட்டும் மேசையைச் சுற்றி நடக்க ஆரம்பித்தாள்.

"என்னக்கா, செக்குமாடு மாதிரி சுத்துறீங்க? எண்ணெய் எப்ப வரும்?" என்றாள் பட்டன் வைப்பவள்.

"வந்தா உன் தலைக்குத்தான்டி மொதல்ல."

கேலி பேசியவளும் மறுநாள் சேர்ந்துகொண்டாள். இன்னும் சிலர் சேர்ந்ததும் சூப்பர்வைசர் வந்துவிட்டார். "இதென்ன பார்க்கா? கத்தி கித்தி பட்டா நானா பதில் சொல்றது? போய் உக்காருங்க."

உட்கார்ந்தார்கள்.

அடுத்த முறை எடைக் கருவியில் ஏறியபோது முள் முன்பைவிடத் தள்ளி நின்றது.

"நடக்கச் சொன்னேனேம்மா?"

"எங்க நடக்கறது டாக்டர்?"

"எல்லாரும் இதையேதான் சொல்றீங்க." அடுத்த நோயாளிக்கு மணி அடித்தார். ஆபரேஷனுக்குத் தேதி கிடைக்கவில்லை.

ஆட்டோ சுற்றிக் கம்பெனிக்கு வந்து சேர்ந்தபோது அவள் மெஷினில் ஒரு புதுப்பெண் இருந்தாள். சூப்பர்வைசர் ஜன்னலோர மேசையைக் காட்டினார். தைத்த சட்டைகளில் நூல் பிசிறு வெட்டும் மேசை. சம்பளமும் அதற்கேற்பக் குறைவுதான்.

"வருத்தப்படாதீங்கக்கா," என்றார், உண்மையிலேயே இதமாக. "இங்க காலுக்கு வேலையே இல்ல."

கத்தரியை எடுத்தாள். ஜன்னலுக்கு வெளியே, சுவருக்கு அப்பால், அவள் வீட்டு மாடிக் கொடியில் அவளுடைய புடவை காய்ந்துகொண்டிருந்தது.